பட்டம் பெற்றுப் பத்தாண்டு கழிந்தபின் அமெரிக்காவில் மருத்துவம் படிக்க, விடுபட்ட அறிவியல் பாடங்களை எந்த வரிசையில் எடுப்பது?

வேதியியலில் தொடங்குங்கள். அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் பல, உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வக வகுப்புடன் ஓராண்டு வீதம் எதிர்பார்க்கின்றன. 2015-இல் மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் மாற்றியமைக்கப்பட்டதிலிருந்து உயிர்வேதியியலும் ஏறத்தாழ கட்டாயமாகிவிட்டது. பொது வேதியியலை முடிக்காமல் கரிம வேதியியலிலும், அதை முடிக்காமல் உயிர்வேதியியலிலும் பொதுவாகச் சேர முடியாது என்பதால், மற்ற பாடங்களை எவ்வளவு வேகமாக முடித்தாலும் இந்தச் சங்கிலிதான் உங்கள் கால அளவைத் தீர்மானிக்கும். தோற்ற பாடத்தைத் திரும்பப் படித்தாலும், மருத்துவக் கல்லூரிகளுக்கான ஆம்காஸ் விண்ணப்பச் சேவை இரு முயற்சிகளின் மதிப்பெண்ணையும் சராசரியில் சேர்க்கும். ஆகவே, மோல் கணக்கும் மடக்கையும் மறந்துபோனவர்கள் (பெரும்பாலோர் மறந்துதான் இருப்பார்கள்) முதல் பருவத்தில் பொது வேதியியலுடன் கணிதத்தை மட்டும் எடுப்பதே நல்லது.