முல்தானி மெட்டிக்கு எக்ஸ்பயரி உண்டா?

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாட்டு மருந்துக் கடையில் ஒரு கிலோ முல்தானி மெட்டி வாங்கினேன். பாதியை அப்படியே டப்பாவில் போட்டு பாத்ரூம் அலமாரியில் வைத்திருக்கிறேன். மீதியில் கஸ்தூரி மஞ்சள், ரோஜா இதழ் பொடி, பயத்தம் மாவு கலந்து வைத்தேன். இப்போது இரண்டுமே கட்டி கட்டியாக இருக்கிறது. கவரில் தேதி எதுவும் இல்லை. பயன்படுத்தலாமா? ரோஸ் வாட்டரில் குழைத்தது மிஞ்சினால் ஃபிரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கலந்து வைத்ததைக் கொட்டிவிடுங்கள், அதைச் சோதித்துப் பார்க்கக்கூட வேண்டாம். தனியாக இருக்கும் மெட்டி பெரும்பாலும் தேறும், கீழே சொல்வதைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். குழைத்தது மிஞ்சினால் அன்றைக்கே குப்பைக்குப் போகட்டும்.

ராஜஸ்தானில் பார்மர், பிகானேர் பக்கம் பூமிக்கடியில் லட்சக்கணக்கான வருடங்கள் கிடந்த களிமண்ணைத்தான் வெட்டியெடுத்து அரைத்து, முல்தானி மெட்டி என்று கவரில் போட்டு விற்கிறார்கள், அது உங்கள் அலமாரியில் இரண்டு வருடம் இருந்ததால் கெட்டுப்போகாது. அலுமினியம், சிலிக்கா, கொஞ்சம் மக்னீசியம், இரும்பு, இதெல்லாம் சேர்ந்த தாதுப்பொருள் அது. எண்ணெய் இல்லை, அதனால் சிக்கு நாற்றம் வராது. மாவுச்சத்து, புரதம் இல்லை, அதனால் வண்டுக்கும் அதில் வேலை இல்லை. வெள்ளைக் களிமண்ணான கேயோலினுக்கும், தண்ணீர் பட்டால் உப்பும் பெண்டோனைட்டுக்கும் இதே கதைதான்.

அப்படியென்றால் கம்பெனி பாக்கெட்டில் ஏன் தேதி போடுகிறார்கள்? சட்டம் கேட்கிறது. நம் நாட்டில் 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி எந்த மாதம், எந்த வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று லேபிளில் இருக்க வேண்டும். அந்தத் தேதி, பிரிக்காத பாக்கெட்டுக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் உத்தரவாதம். நீங்கள் பிரித்து, ஈரக் கையை விட்டு, பாத்ரூமில் வைத்த பிறகு அந்த உத்தரவாதம் செல்லாது. தேதி தாண்டிய மறுநாளே மண் விஷமாகிவிடும் என்றும் அதற்குப் பொருள் இல்லை.

உங்கள் விஷயத்தில் சிக்கல் வயதில் இல்லை, பாத்ரூமில் இருக்கிறது. ஒரு பொருளில் கிருமி எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரை ஓர் அளவில் சொல்வோம். 0.6-க்குக் கீழே எந்தக் கிருமியும் வளராது. பூஞ்சைகளில் பலவும் 0.8-க்கு மேல் வளரும், வறட்சி தாங்கும் சில வகைகளுக்கு 0.7 இருந்தாலே போதும். பாக்டீரியாவில் பெரும்பாலானவைக்கு 0.9-க்கு மேல் வேண்டும். திறந்து கிடக்கும் பொடி, சுற்றியிருக்கும் காற்றோடு மெல்ல மெல்லச் சமமாகிவிடும்: காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பொடியும் 0.8-க்கு வந்து நிற்கும். கடலோர ஊர், அதிலும் வெந்நீர்க் குளியல் முடிந்த பாத்ரூம், மூடி சரியாகப் பொருந்தாத டப்பா, பிறகு கேட்கவா வேண்டும். களிமண் வேறு ஈரத்தைத் தேடிப்பிடித்து இழுக்கிற ஜாதி. மாத்திரை டப்பாவிலும் புது செருப்புப் பெட்டியிலும் ஈரத்தை உறிஞ்சப் போடும் சின்னப் பொட்டலங்களில் ஒரு வகைக்குள் இருப்பதே பெண்டோனைட் களிமண்தான்! கட்டி கட்டியானதற்குக் காரணம் இதுதான். கட்டியாவது மட்டும் கெட்டதற்கு அடையாளம் இல்லை.

தனி மெட்டியை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, வெளிச்சத்தில் பாருங்கள். கட்டியை விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிர வேண்டும். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று புள்ளிகள் இருந்தாலோ, பஞ்சு மாதிரி ஏதாவது தெரிந்தாலோ யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் தெளித்து முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் நல்லதுதான், மூடிக்கிடந்த துணி அலமாரி வாடை வந்தால் வேண்டாம். ஃபினாயில், பாச்சா உருண்டை வாசனை வந்தாலும் வேண்டாம். சமையல் எண்ணெயின் நிறத்தையும் வாடையையும் எடுக்கத் தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் மண் இது, பக்கத்தில் இருப்பதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும், பாத்ரூம் அலமாரியில் பக்கத்தில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெயிலில் காய வைத்தால் போதுமா என்று அடுத்து கேட்பீர்கள். ஈரம் போகும், கட்டி உதிரும், அவ்வளவுதான். மண்ணில் இயல்பாகவே சில பாக்டீரியாக்கள் ஸ்போர் என்ற உறங்கும் வடிவில் இருக்கும், டெட்டனஸ் கிருமி உட்பட. வெயில் அதை ஒன்றும் செய்யாது, கொதிக்கும் தண்ணீரைக்கூட அது தாங்கும். கடாயில் வறுத்தாலும் சூடு ஒரே சீராக ஏறாது, தூசிதான் மூக்கில் ஏறும். மருந்துத் துறையில் இந்த மாதிரிப் பொடிகளை 160 டிகிரி உலர் வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்தோ, காமா கதிர் பாய்ச்சியோ சுத்தப்படுத்துவார்கள். கடையில் உதிரியாக வாங்கும் மண்ணுக்கு இதெல்லாம் நடந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். அதனால் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கிள்ளிய பரு, கீறல், வாக்சிங் செய்த தோல் இதன் மேலெல்லாம் போடாதீர்கள். பச்சைக் குழந்தையின் தொப்புளில் எந்த மண்ணும், எந்தப் பொடியும் கூடவே கூடாது. 1940-களில் நியூசிலாந்தில் கிருமி கலந்த டால்க் பவுடரால் பிறந்த குழந்தைகளுக்கு டெட்டனஸ் வந்திருக்கிறது.

இனி அந்தக் கலவை. பயத்தம் மாவு என்பது கிருமிக்கும் வண்டுக்கும் நேரடிச் சாப்பாடு. ரோஜா இதழ் வீட்டில் காய வைத்தது என்றால் உள்ளே ஈரம் மிச்சம் இருந்திருக்கும். கஸ்தூரி மஞ்சளின் வாசனையும் காலப்போக்கில் பறந்துவிடும். களிமண் ஈரத்தை இழுத்துக் கொடுக்க, மாவு சாப்பாடு போட, பூஞ்சைக்கு இதைவிட வசதி வேண்டுமா? கண்ணுக்குப் பூஞ்சை தெரியவில்லையே என்று வைத்துக்கொள்ளவும் முடியாது, தெரியும் அளவுக்கு வளர்வதற்கு முன்பே அது நிறைய இருக்கும். நலங்கு மாவு, குளியல் பொடி எல்லாவற்றுக்கும் என் கணக்கு இதுதான்: நன்றாகக் காய்ந்த பொருளில் அரைத்து, காற்றுப் புகாமல் வைத்தால் மூன்று மாதம், மழைக்காலத்தில் அதைவிடக் குறைவு. மண்ணைத் தனியாக வையுங்கள், மாவையும் பொடிகளையும் தனியாக வையுங்கள், தேவைப்படும்போது கிண்ணத்தில் கலந்துகொள்ளுங்கள்.

குழைத்த பேஸ்ட் வேறு விவகாரம். தண்ணீர் சேர்ந்த நொடியில் மேலே சொன்ன அளவு 1-ஐ நெருங்கிவிடும். ஃபிரிட்ஜ் வளர்ச்சியை மெதுவாக்கும், நிறுத்தாது. வைட்டமின் இ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அது எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் காக்கும், கிருமியைத் தடுக்காது. கடையில் வாங்கும் ரோஸ் வாட்டரில் பிரிசர்வேட்டிவ் இருக்கிறதே என்றால், களிமண் அதில் ஒரு பங்கைத் தன்மேல் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் பண்ணிவிடும். கம்பெனிகளுக்கே களிமண் மாஸ்க் தயாரிப்பதில் இது ஒரு தலைவலி. தயிர், பால், தேன் சேர்த்தது என்றால் பேச்சே இல்லை. ஒரு முகத்துக்கு இரண்டு டீஸ்பூன் போதும், அந்த அளவுக்கு மட்டும் குழையுங்கள்.

வைக்கும் விதத்தில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டில், இறுக்கமான பிளாஸ்டிக் மூடி, பெட்ரூம் அலமாரி. தகர மூடி நம் ஊர் உப்புக்காற்றில் துருப்பிடித்து உள்ளே உதிரும். மரக்கரண்டியால்தான் எடுக்க வேண்டும், உலோகம் பட்டால் சக்தி போய்விடும் என்பதை நான் நம்புவதில்லை, உலர்ந்த ஸ்பூன் எதுவாக இருந்தாலும் சரி. பொடியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்துத் திறக்கும்போது குளிர்ந்த பொடியில் காற்றின் ஈரம் வியர்த்து இறங்கும். ஈரம் இழுக்கட்டும் என்று அரிசி போடுவது வண்டைக் கூப்பிடுவதில் முடியும். பாட்டிலில் வாங்கிய மாதத்தையும் "சாப்பிடும் பொருள் அல்ல" என்பதையும் எழுதி ஒட்டுங்கள், பார்க்கக் கடலை மாவு மாதிரியே இருக்கும்.

அடுத்த முறை லேபிளும் பேட்ச் எண்ணும் உள்ள 100 கிராம் பாக்கெட்டாக வாங்குங்கள். மண்ணில் ஈயம் போன்ற உலோகங்கள் இருந்தால் எப்படிப் பத்திரப்படுத்தினாலும் அது போகாது. 2016-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பெண்டோனைட் களிமண் பொருட்களில் அதிக ஈயம் இருந்ததாக எச்சரிக்கை விட்டது. பேட்ச் எண் இருந்தால் கேள்வி கேட்க ஓர் ஆளாவது இருப்பார். வாரம் ஒரு முறை போட்டால் 100 கிராம் இரண்டு மாதத்துக்கு மேல் வரும், ஒரு கிலோவை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?