வால்பேப்பரில் பாசிமணி நிற்குமா?

கேள்வி: வரவேற்பறை வால்பேப்பரில் உள்ள பூக்களின் மேல் பாசிமணி ஒட்டினேன். சில வாரங்களில் காகிதத்தின் மேல்தோலோடு சேர்ந்து உதிர்கிறது. வேறு பசை வாங்கலாமா?

பதில்: பசையை மாற்றிப் பயனில்லை. பசை மணியை விடவில்லை. காகிதத்தின் மேல் அடுக்குதான் கனம் தாங்காமல் உரிகிறது. உருண்டை மணி சுவரைத் தொடும் இடம் மிகச் சிறியது, எடை முழுவதும் அங்கேயே இழுக்கும். நேரே ஒட்டுவதானால் அடி தட்டையான சிறு கற்கள் மட்டும், அதுவும் வால்பேப்பர் முழுக்கக் காய்ந்த பிறகு. சூப்பர் குளூ வேண்டாம், சுற்றிலும் வெள்ளைப் படலம் படியும். சூட்டுப் பசையோ வெயில் படும் சுவரில் இளகிவிடும்.

மணி வேலையின் அழகே தனி. அதைத் துணியில் செய்யுங்கள். வால்பேப்பரின் நிறத்திலேயே கெட்டியான பருத்தித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, 2 மி.மீ. மணிகளை நைலான் நூலில் தையுங்கள். 4 மணி கோத்து ஊசியைத் துணிக்குள் இறக்கி, 2-ஆம், 3-ஆம் மணிகளுக்கு நடுவே மேலே எடுத்து, கடைசி 2 மணிகளுக்குள் மறுபடி நுழைத்து முன்னேறவும். 5 செ.மீ.க்கு ஒருமுறை பின்புறம் முடிச்சுப் போட்டால், நூல் அறுந்தாலும் அந்தத் துண்டு மட்டுமே உதிரும். சட்டத்தை ஆணியில் மாட்டுங்கள். இருபுறம் ஒட்டும் டேப் போட்டால் காகிதம் மறுபடி உரியும்.