வெறும் வயிற்றில் 112, மத்தியானம் 234: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, பல வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் வெறும் வயிற்றில் பார்த்தால் 110, 112 என்று நல்லாகத்தான் வருகிறது, ஆனால் எச்பிஏ1சி 8.4. கனடாவில் இருக்கும் தம்பி கையில் ஒட்டிச் சீனி அளக்கிற சென்சரும் அதன் கருவியும் அனுப்பியிருக்கிறான். மத்தியானம் 13 காட்டுகிறது. சீனி குறைந்துவிட்டதா? அம்மா பயத்தில் சோற்றையே விட்டுவிட்டார்.
— வாசகி, விசுவமடு

பதில்: குறையவில்லை, கூடியிருக்கிறது. கனடாக் கருவி மில்லிமோல் கணக்கில் காட்டும், எங்கள் கிளினிக்கில் மில்லிகிராம். 18ஆல் பெருக்குங்கள்: 13 என்றால் 234. கிளினிக் கொப்பியின் மட்டையிலேயே இதை எழுதி வையுங்கள், ஏனென்றால் 3.9 என்று வந்தால் அது 70, அதற்குக் கீழே போனால்தான் உண்மையில் சீனி குறைகிறது.

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி. 8.4 என்றால் சராசரியாக 190க்கு மேல் இருந்திருக்கிறது. காலையில் 112தான் என்றால் மிச்ச நேரத்தில் எங்கேயோ நன்றாக ஏறுகிறது, வெறும் வயிற்றுச் சோதனைக்கு அது தெரியாது. சென்சரின் வேலையே அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். சோற்றை விட்டுவிட்டால் என்னத்தைக் கண்டுபிடிப்பது? அத்தோடு, குளிசையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பது ஆபத்து.

முதல் மூன்று நாலு நாள் அம்மா வழக்கம்போலச் சாப்பிடட்டும், நீங்கள் நேரத்தையும் அளவையும் எழுதுங்கள். காலைப் புட்டு எத்தனை அகப்பை, பத்து மணிப் பிளேன்ரீக்கு எத்தனை கரண்டி சீனி, வீட்டுக்கு ஆட்கள் வந்தபோது கூடக் குடித்த ரீ, எல்லாம். அப்புறம் ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்: அதே அளவு சோறு, ஆனால் கீரையும் மீனும் முதலில், சோறு கடைசியில். இன்னொரு நாள் சோற்றைப் பாதியாக்குங்கள். இன்னொரு நாள் சாப்பிட்ட கையோடு வாய்க்கால் கரையில் கால் மணி நேரம் நடக்கட்டும். 234 எங்கே வந்து நிற்கிறது என்று அம்மாவே பார்ப்பார், நான் பத்துத் தடவை சொல்வதைவிட அது அவருக்கு விளங்கும். சிவப்பரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று இங்கே பலர் நம்புகிறார்கள், அதுவும் ஏற்றும், அளவுதான் முக்கியம்.

பொதுவாக நாளில் 70 வீத நேரமாவது 70க்கும் 180க்கும் இடையில் இருந்தால் நல்லது. வயது கூடி வேறு வருத்தங்களும் உள்ளவர்களுக்குப் பாதி நேரத்துக்கு மேல் இருந்தாலே போதும்.

கேள்வி: இடது கையில் செல் (எறிகணை) பட்ட தழும்பு இருப்பதால் அப்பாவுக்கு வலது கையில் ஒட்டினோம். நடுச்சாமத்தில் 58 என்று அலாரம் அடித்தது. பதறிப்போய் விரலில் குத்திப் பார்த்தால் 104. சென்சர் பழுதா?
— வாசகர், மல்லாவி

பதில்: தழும்பைத் தவிர்த்தது மிகச் சரி, அந்தத் தோலில் சென்சர் ஒழுங்காக அளக்காது. அப்பா வலது பக்கம் சரிந்து படுத்திருப்பார். சென்சரின் மயிரிழை போன்ற கம்பி இரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்குக் கீழே உள்ள நீரைத்தான் அளக்கிறது. கை அழுந்தினால் பொய்யாகக் குறைத்துக் காட்டும், திரும்பிப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். சாப்பிட்ட பிறகும் விரல் கணக்கைவிட ஐந்து பத்து நிமிடம் பின்னால்தான் வரும், அதுவும் பழுதில்லை.

ஆனால் அப்பா கிளிக்லசைட் போன்ற, சீனியை அளவுக்கு மீறிக் குறைத்துவிடக்கூடிய குளிசை போடுபவர் என்றால், வியர்த்து, கை நடுங்கினால் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். விரலில் குத்திப் பாருங்கள், அதற்கு வசதியில்லாவிட்டால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பவரென்றால் அன்றைக்குக் குளிசையை எப்படிப் போடுவது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேளுங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். எப்போதாவது எம்ஆர்ஐ (காந்த ஸ்கான்) எடுக்கச் சொன்னால் சென்சர் ஒட்டியிருப்பதைச் சொல்லி, கழற்ற வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். உடம்பில் செல் துண்டு இருந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும், எந்தக் காலத்துக் காயமாக இருந்தாலும் சரி.

கேள்வி: 14 நாளில் ஒரு சென்சர் முடிகிறது. வயல் வேலை செய்யும் நான் மாதா மாதம் இதற்கு எங்கே போவேன்? குளிசை மட்டும்தான் போடுகிறேன்.
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: மாதா மாதம் தேவையே இல்லை. இன்சுலின் பல வேளை போடுபவரின் கதை வேறு. உங்களுக்கு ஒன்றை ஒழுங்காகப் பாவித்து, எந்தச் சாப்பாடு ஏற்றுகிறது என்று பிடித்துவிட்டால், அப்புறம் விரலில் குத்தும் கருவி போதும்: அந்தச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. கடன்பட்டு வாங்க வேண்டாம். போனில் வரும் வரைபடத்தை அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள், குளிசையை நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள். வயலில் வியர்த்தால் ஓரம் கிளம்பும். ஒட்டுவதற்கு முன் தோலைக் கழுவி நன்றாக உலர விடுங்கள், ஒட்டிய பிறகு சுற்றிவர மருந்துக்கடைப் பிளாஸ்டர் போடுங்கள், நடுவில் உள்ள சின்னத் துளையை மட்டும் மூடாதீர்கள்.