விரல் நுனியை இழந்த பின்னும் லீட் கிட்டார் வாசிக்கலாமா?

கிட்டார் கழுத்தின் ஃப்ரெட்டில் (குறுக்குப் பட்டையில்) கம்பியை அழுத்தும் கையின் மோதிர விரல் நுனி இயந்திரத்தில் சிக்கித் துண்டானதால், ஹெவி மெட்டல் எனும் கனத்த ராக் இசையில் லீட் கிட்டார் (முதன்மை மெட்டுகளை வாசிக்கும் கிட்டார்) வாசிப்பதை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம் என்பதே என் கருத்து.

பிளாக் சபாத் என்னும் ஹெவி மெட்டல் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, பர்மிங்ஹாம் தகட்டு ஆலையொன்றில் தம் 17ஆம் வயதில், அதுவும் வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடையவர் என்பதால் கம்பியை அழுத்துவதும் அதே கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளுக்கு மாறியதோடு, 1971இல் வெளிவந்த மூன்றாம் ஆல்பத்தின் சில பாடல்களில் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். அவ்வாறு இறக்கும்போது கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவதால், கம்பியை வளைக்க அவ்வளவு வலு தேவைப்படாது. (அந்தக் கனத்த ஒலியே பின்னர் மெட்டலின் அடையாளமானது வேறு கதை.)

உறையிட்ட விரலுக்குத் தொடுவுணர்வு இராது. அழுத்தம் மிகுந்தால் சுரம் சற்றே ஏறிவிடும் என்பதால், காதால் அளந்து மெதுவாகப் பழகுங்கள். பெண்டிங்கையும் (கம்பியை வளைத்துச் சுரத்தை ஏற்றுவது) வைப்ரேட்டோவையும் (சுரத்தை அதிரச் செய்வது) காயமில்லாத விரல்களுக்கு மாற்றிப் பாருங்கள். காயம் முழுவதும் ஆறியதை மருத்துவர் உறுதிசெய்த பின்னரே தொடங்குங்கள்.