ஸ்கிரிப்ட் என்று நம்பிச் சேர்ந்தவர்

அன்புள்ள சார்,

சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் சோதனை முயற்சியாக 'மீடியா அப்ளிகேஷன் ஸ்கிரிப்டிங்' என்று ஒரு விருப்பப்பாடம் வைத்தார்கள். ஸ்கிரிப்ட் என்றதும் திரைக்கதை என்று நினைத்துச் சேர்ந்துவிட்டேன். போனால் கோடிங்! பாடப்புத்தகம் கிடையாது. "நானும் உங்களோடுதான் கத்துக்கறேன்" என்கிறார் ஆசிரியர். மூன்று வாரமாக பிராசஸிங் என்ற கணினி மொழியில் பந்து எகிறிக்கொண்டிருக்கிறது, இனி பைத்தான் என்று இன்னொரு மொழியாம். பாதிப் பேர் வேறு பாடத்துக்கு ஓடிவிட்டார்கள். எடிட்டர் ஆக நினைப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு? நானும் மாறிவிடலாமா?

ஒரு மாணவர், விருகம்பாக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

கோடம்பாக்கத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவர் வேறெப்படி நினைப்பார்? ஆனால் மாறாதீர்கள். ஏன் என்று சொல்ல என் பழைய அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் சப்டைட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்துக்கு வினாடிக்கு 24 பிரேம் கணக்கில் நேரம் குறித்துவிட்டோம். டிவிக்குப் போகும் பிரதி 25 பிரேமில், கொஞ்சம் வேகமாக ஓடியது. முதல் வசனம் கச்சிதமாக விழுந்தது. போகப்போகப் பிந்தி, இரண்டு மணி நேரப் படத்தின் முடிவில் தாமதம் ஐந்து நிமிடத்துக்குப் பன்னிரண்டு வினாடிதான் குறைவு. கதாநாயகி அழுது முடித்துப் பெயர்களெல்லாம் ஓடும்போதும் கீழே வசனம் வந்துகொண்டிருந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக இழுத்து வைத்தேன். மூன்றாம் நாள் காலை, புதிதாக வந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, எல்லா நேரத்தையும் 0.96-ஆல பெருக்கினா போதாதா?" என்றான். பதினைந்து வரி பைத்தான். டீ வருவதற்குள் முடித்துவிட்டான். ஒரு வாரம் நான் அவனோடு பேசவில்லை.

அவன் பெரிய புரோகிராமர் ஒன்றும் இல்லை. 24-ஐ 25-ஆல் வகுக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது, எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பாடம் உங்களுக்குத் தர வேண்டியது அந்தத் தோன்றலைத்தான்.

பந்தைப் பற்றி. பிராசஸிங்கை 2001-இல் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் ஓவியர்களையும் வடிவமைப்பாளர்களையும் மனத்தில் வைத்துத்தான் தொடங்கினார்கள். உங்களைப் போன்றவர்களுக்கானதுதான் அது. ஆனாலும் மூன்று வாரம் பந்து அதிகம். ஆசிரியரிடம் உங்கள் சொந்தத் தலைவலியைக் கொண்டுபோங்கள். கல்யாண வீடியோ எடிட் செய்து கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறீர்களா? நானூறு கிளிப்புக்குப் பெயர் மாற்றுவது, எல்லாவற்றையும் வாட்ஸப்புக்குச் சுருக்குவது, இரண்டுமே ஸ்கிரிப்டின் வேலை. தானும் கற்றுக்கொள்வதாக ஒத்துக்கொள்ளும் ஆசிரியர் இதற்குச் சம்மதிப்பார். (எல்லாம் தெரிந்தவரிடம் இதைக் கேட்கவே முடியாது.)

இன்னொரு காரணமும் உண்டு. பைத்தானிடம் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். ஐந்து என்னும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் எண் பட்டியலான யூனிகோடில் 'மி'க்குத் தனி எண் கிடையாது. ம ஒன்று, மேல்கொக்கி ஒன்று. ழகரத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. ஆங்கிலத்தை நினைத்து எழுதிய ஸ்கிரிப்டில் டைட்டிலை எழுத்தெழுத்தாக வரவிட்டால் முதலில் 'தம' வந்து நிற்கும், அப்புறம் கொக்கி முளைக்கும், கடைசியில் புள்ளி தலையில் வந்து உட்காரும். குறியையும் புள்ளியையும் முன்னெழுத்தோடு சேர்த்துவிடச் சில வரிகள் போதும். அதை எழுதத் தமிழ் தெரிந்த எடிட்டர் வேண்டும்.

மதிப்பெண் எப்படிப் போடுவார்கள் என்பதை மட்டும் இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சோதனைப் பாடங்களில் கடைசியில் சண்டை அங்கேதான் வரும்.

'கொக்கு' என்ற சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் வரவைத்து எனக்கு அனுப்புங்கள். பந்து வேண்டாம்.