ரைட்டர் மேசை: எட்டுப் பேரும் ‘நான்தான்’ என்றால்?

(கடலூர் மாவட்டக் காவல் நிலையங்களில் ரைட்டராக, அதாவது ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரராக, இருந்து ஓய்வு பெற்றவர், க்ரைம் தொடர்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். ‘சுழல்’, ‘வதந்தி’ இரண்டையும் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.)

‘சுழல்’ இரண்டாம் பாகத்தில் வழக்கறிஞர் செல்லப்பாவைக் கொன்றது நான்தான் என்று எட்டு இளம்பெண்கள் ஆளுக்கொரு பக்கம் சொல்கிறார்கள். எட்டுப் பேருக்கும் தண்டனைதான் என்கிறார் என் கணவர். ஒருத்திக்கும் கிடைக்காது என்கிறேன் நான். வீட்டில் இதே பேச்சு. யார் சொல்வது சரி?
வாசகி, நெல்லிக்குப்பம்

சட்டம் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்கிறது அம்மா. போலீஸ்காரர் முன்னால் உட்கார்ந்து ‘நான் கொன்றேன்’ என்று சொன்ன வரி கோர்ட்டில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் அப்படிச் சொல்வோம்) எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். போலீஸை உண்டாக்கிய வெள்ளைக்காரனே போலீஸை நம்பவில்லை, பாருங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ‘கத்தியை இன்ன கிணற்றில் போட்டேன், கூட வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்’ என்று வாக்குமூலத்தில் ஒரு வரி இருந்து, போய்ப் பார்த்தால் கத்தியும் கிடைத்தால், அந்த வரி மட்டும் செல்லும். ஸ்டேஷனில் அதை ‘அட்மிஸிபிள் போர்ஷன்’ என்போம். பக்கம் பக்கமாக எழுதிய வாக்குமூலத்தில் கோர்ட்டுக்குப் போவது இரண்டு மூன்று வரிதான். அதற்கும் வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நான் அந்த ஸ்டேஷனில் இருந்திருந்தால் எட்டுப் பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து, ‘ஏன் கொன்றாய்’ என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ‘ஆயுதம் எங்கே’ என்பதை முதலில் கேளுங்கள் ஐயா என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருப்பேன்.

வி.ஏ.ஓ. என்றதும் இன்னொன்று. நம்ம பக்கத்துக் கொலை வழக்குத் தீர்ப்புகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். எதிரி நேராக கிராம நிர்வாக அலுவலரிடம் போய், ‘ஐயா, தப்பு பண்ணிட்டேன், போலீஸ்ல பிடிச்சா அடிப்பாங்க, நீங்கதான் காப்பாத்தணும்’ என்பான். அவர் எழுதி வாங்கிக்கொண்டு ஆளையும் பேப்பரையும் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். போலீஸிடம் சொல்லவில்லை அல்லவா, 23-ஆம் பிரிவு குறுக்கே வராது. எதிர்த்தரப்பு வக்கீல் விடுவாரா? முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் இவன் எதற்குப் போய் மனம் திறந்தான் என்று கேட்பார். நீதிபதிகளும் இதைக் கேட்டிருக்கிறார்கள். இத்தனை நாடகம் இருந்தும் தொடர் எழுதுகிறவர்கள் யாருக்கும் வி.ஏ.ஓ. கண்ணில் படுவதில்லை.

எட்டுப் பேரும் மாஜிஸ்திரேட் முன் போய்ச் சொன்னால் கதை வேறு. அவர் ‘இது உனக்கு எதிராகவே திரும்பும்’ என்று எச்சரித்து, யோசிக்க நேரம் கொடுத்து, அப்புறம்தான் பதிவு செய்வார். அது பலமான சாட்சியம். ஆக, ஆயுதம் மாதிரி எதுவும் ரெக்கவரி ஆகாமல், கைரேகையோ செல்போன் டவர் கணக்கோ ஒத்துவராமல் இருந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். அதெல்லாம் இருந்தால் உங்கள் வீட்டுக்காரர்.

அந்தப் பாகத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பெண்களின் ஒற்றுமை. உண்மை பேசும் சாட்சிகள் இரண்டு பேர் சட்டை நிறத்தில்கூட ஒத்துப்போக மாட்டார்கள். எட்டுப் பேர் சொல்வதும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் அனுபவப்பட்ட ஏட்டு அங்கேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

‘சுழல்’ முதல் பாகத்தில் சாம்பலூர் என்கிற மலை ஊரில் மயானக் கொள்ளை நடக்கிறது. அது நம்ம ஊர்த் திருவிழா ஆயிற்றே?
வாசகர், மஞ்சக்குப்பம்

ஆமாம். மேல்மலையனூர் அங்காளம்மனைச் சுற்றி நடப்பது. மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் கொழுக்கட்டை, சுண்டல், காய்கறி, தானியம் எல்லாம் சுடுகாட்டில் குவித்து சூறை விடுவார்கள். தொடரில் அதை மலைக்குக் கொண்டுபோய் ஒன்பது நாளாக நீட்டியிருக்கிறார்கள். கதைக்கு அது தேவை: வேஷம், பம்பைச் சத்தம், யார் முகமும் யாருக்கும் தெரியாத கூட்டம். தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் சின்ன மகள் நிலா காணாமல் போவதற்கு அதைவிட வசதியான நேரம் இல்லை.

அவர்கள் காட்டாமல் விட்டது ஒன்று உண்டு. திருவிழா என்றால் ஸ்டேஷனே காலி. எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள். பாராவுக்கு ஒரு ஆள், மேசையில் ரைட்டர், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா ‘பொண்ணைக் காணோம்’ என்று வந்து நிற்பார். ‘எங்காவது கூட்டத்தில் இருக்கும், காலையில் வாங்க’ என்று சொல்லி அனுப்பும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் பாதி கேஸ்கள் கெட்டுப்போகின்றன.

‘சுழல்’ முதல் பாகத்தில் இன்ஸ்பெக்டர் ரெஜினாவின் மகனே நிலா வழக்கில் சம்பந்தப்படுகிறான். அவரே இன்ஸ்பெக்டராக விசாரிக்கலாமா?
வாசகி, விருத்தாசலம்

கூடாது. எஸ்.பி. காதுக்குப் போன அன்றைக்கே ஃபைல் வேறு இன்ஸ்பெக்டருக்குப் போய்விடும். ஆனால் மாற்றியிருந்தால் ரெஜினாவாக நடித்த ஸ்ரீயா ரெட்டி அந்த நாற்காலியில் உட்கார்ந்து தாயாகவும் அதிகாரியாகவும் திணறுவது நமக்குக் கிடைத்திருக்காது. தொடரின் நல்ல பாத்திரம் என் கணக்கில் அவர்தான். இதை நான் மன்னித்துவிட்டேன்.

‘வதந்தி’யில் எஸ்.ஜே. சூர்யா வீட்டைக்கூட மறந்துவிட்டு, கொலையான வெலோனி என்கிற பெண்ணின் கேஸையே பிடித்துக்கொண்டு அலைகிறார். நிஜ போலீஸில் இப்படி ஒருவர் உண்டா? வெலோனியைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். யாரை நம்புவது?
கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

தம்பி, முதலில் ஒரு சின்ன விஷயம். அவர் விவேக் என்கிற எஸ்.ஐ. தமிழ்நாட்டில் கொலை வழக்கின் விசாரணை அதிகாரி இன்ஸ்பெக்டர். எஸ்.ஐ. எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு ஃபைலை அவர் கையில் கொடுப்பார். அப்புறம் டீம் அமைத்தால் அலைவது எஸ்.ஐ.தான், அதனால் அலைச்சல் நிஜம். கேஸ் முடிந்த பிறகும் ஒரு பெயரை மனதில் தூக்கிக்கொண்டு திரிகிறவர்களும் உண்டு. வீட்டில் சாப்பிடும்போது சுவரைப் பார்த்தபடி இருப்பார்கள். விவேக்கின் மனைவியின் கோபத்தை என் வீட்டம்மா ஒரு வார்த்தை விடாமல் ஆமோதித்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

வெலோனி விஷயம்தான் அந்தத் தொடரின் உயிர். ஷூட்டிங் நடக்கும் இடத்தில் கிடக்கும் பிணத்தைப் பார்த்து நடிகை செத்துவிட்டார் என்று முதல் வதந்தி கிளம்புகிறது. அப்புறம் அந்தப் பெண்ணைப் பற்றியே ஆளுக்கொரு கதை. அடக்கமானவள் என்கிறார் ஒருவர், அப்படியில்லை என்கிறார் இன்னொருவர். கேஸ் கட்டில் சாட்சி வாக்குமூலங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள், அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். செத்துப்போன பெண்ணைப் பற்றிச் சொல்வதில் பாதிக்கு மேல், சொல்கிறவர் தன்னைப் பற்றிச் சொல்வது.

தொடர்களில் இந்த வாக்குமூலத்தை எழுதி முடித்ததும் சாட்சியிடம் பேனாவை நீட்டுவார்கள். தப்பு. விசாரணையில் போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்தே போடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதனால்தான் கோர்ட்டில் கூண்டேறி ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று ஒருவரால் கூசாமல் சொல்ல முடிகிறது. அதன் பெயர் பிறழ் சாட்சி. சாட்சி பிறழ்ந்த கேஸில் அரசு வக்கீல் முகத்தையும் இன்ஸ்பெக்டர் முகத்தையும் யாராவது ஒரு எபிசோடு எடுக்க வேண்டும்.

டாக்டர் வந்து, ‘இறந்தது இரவு 2 மணிக்கும் 2.15-க்கும் நடுவில்’ என்கிறாரே?
வாசகர், பண்ருட்டி

எந்த டாக்டரும் அப்படி எழுத மாட்டார். ‘பிரேதப் பரிசோதனைக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இறந்திருக்கலாம்’ என்கிற மாதிரிதான் சர்டிஃபிகேட்டில் வரும். நம்ம ஊர் வெக்கையில் உடம்பு விறைப்பதும் சீக்கிரம், விறைப்பு விடுவதும் சீக்கிரம். கால் மணி நேரக் கணக்குச் சொன்னால் குறுக்கு விசாரணையில் அவரையே விறைக்க வைத்துவிடுவார்கள். அதோடு, நடுராத்திரி ஒற்றை பல்ப் வெளிச்சத்தில் கொலைப் பிணத்தை அறுக்கும் காட்சி. இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதி கொடுத்தது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, சந்தேக மரணம் எல்லாவற்றையும், சட்டம் ஒழுங்கு நெருக்கடி இருந்தாலொழிய, அதிலிருந்து விலக்கி வைத்துத்தான்.

எங்கள் ஊரில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. இங்கே ஒரு பிணம் கிடந்தால் யார் கேஸ்? இதை ஏன் யாரும் தொடராக எடுக்கவில்லை?
வாசகர், பாகூர்

நீங்கள் எழுதுங்கள், முதல் எபிசோடுக்கு நான் உட்கார்கிறேன்.

புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலம் கிடையாது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போனால் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கிருமாம்பாக்கம் புதுச்சேரி. காக்கி ஒன்றுதான், அங்கே கான்ஸ்டபிள் தலையில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சிவப்புத் தொப்பி ஏறிவிடும். இரண்டு அரசு, இரண்டு போலீஸ், மேலே இரண்டுக்கும் ஒரே சென்னை உயர் நீதிமன்றம்.

இப்போது பெண்ணையாற்றில் ஒரு உடல் மிதந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ‘எங்கள் லிமிட் இல்லை’ என்பதுதான் முதல் பதில். இன்று அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. எங்கே நடந்த குற்றமானாலும் முதலில் வந்த ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். நிர்பயா சம்பவத்துக்குப் பின் அமைத்த வர்மா கமிட்டி 2013-இல் வலியுறுத்தியது, இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. எண் போடாமல் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட வேண்டும். ஆனால் உரிய ஸ்டேஷன் எது? அடித்தது பாகூர்ப் பக்கம், செத்தது ஆற்றில், கரை ஒதுங்கியது கடலூர்ப் பக்கம். இரண்டு இன்ஸ்பெக்டர்களும் கரையில் நின்று ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பேசிக்கொள்ளும் காட்சியை நான் எழுதினால் அரை மணி நேரம் போகும்.

பாத்திரமும் தயார். புதுச்சேரி போலீஸ்காரர் ஒருவரை டிரான்ஸ்ஃபரில் தூக்கி அடித்தால் அவர் கேரளப் பக்கம் மாஹேக்கும் போகலாம், ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமுக்கும் போகலாம். திரும்பி வரும்போது மலையாளமோ தெலுங்கோ பேசிக்கொண்டு வருவார். இந்தப் பக்கம் நம்ம ஆள், வாழ்நாளெல்லாம் செக்போஸ்ட்டில் நின்று, டூ வீலர் சீட்டுக்கு அடியிலும் காய்கறி மூட்டைக்குள்ளும் புதுச்சேரி சரக்கைத் தேடித் தேடி, யாரைப் பார்த்தாலும் முதலில் வண்டியைப் பார்க்கிற பழக்கம் வந்தவர். இந்த இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றிவிட்டால் கதை தானாகவே போகும்.

வில்லனுக்கு மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் பேச வைக்கும் நார்கோ டெஸ்ட் எடுத்ததும் உண்மை வந்துவிடுகிறதே?
வாசகி, வில்லியனூர்

சம்மதம் இல்லாமல் எடுக்கவே கூடாது. 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்மதித்து எடுத்தாலும் அவர் உளறியது நேரடி சாட்சியம் ஆகாது.

எல்லா கேரக்டரும் வருகிறது. ரைட்டர் மட்டும் ஏன் தொடரில் வருவதில்லை? உங்களுக்கு வருத்தம் இல்லையா?
வாசகர், சிதம்பரம்

வருத்தம்தான். சமுத்திரக்கனி நடித்து 2021-இல் ‘ரைட்டர்’ என்று ஒரு சினிமா வந்தது. தொடர்களில் இன்னும் டீ வாங்கி வரும் ஏட்டுதான்.

கொலை நடந்த இரவில் ஹீரோ டார்ச் லைட்டுடன் தோப்புக்குள் போகிறார், கேமரா அவர் பின்னால் போகிறது. அதே நேரம் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எழுதி, ஒரு கான்ஸ்டபிளை எழுப்பி, மாஜிஸ்திரேட் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்போம். மாஜிஸ்திரேட் கதவைத் திறந்து, நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். வருஷம் கழித்து விசாரணை வரும்போது வக்கீல் அந்த நேரத்தைத்தான் பிடித்துக்கொள்வார். ‘புகார் இரவு பத்து மணிக்கு என்கிறீர்கள். கோர்ட்டுக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மாஜிஸ்திரேட் கைக்குக் காலை எட்டுக்குத்தான் போயிருக்கிறது. நடுவில் உட்கார்ந்து யார் யார் பெயரைச் சேர்த்தீர்கள்?’ கான்ஸ்டபிள் கடைசி பஸ்ஸை விட்டிருப்பார், அவ்வளவுதான் விஷயம். அதைச் சரியாக விளக்க முடியாவிட்டால் எதிரிகள் விடுதலை ஆகவும் வாய்ப்பு உண்டு.

இப்போது எல்லாம் ஸ்டேஷன்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். கம்ப்யூட்டரில் ஏறிவிடுவதால் நேரத்தில் விளையாட முடியாது. சோதனை, பறிமுதல் என்றால் வீடியோ எடுத்தே ஆக வேண்டும். என் இடத்தில் இன்று இருக்கும் பெண் ரைட்டர் ஒருவர், ‘நீங்க பேப்பரோட போனீங்க சார், நாங்க நெட்வொர்க் கிடைக்காம மொட்டை மாடியில நிக்கிறோம்’ என்றார். அந்த மொட்டை மாடியிலிருந்து ஒரு தொடரை ஆரம்பிக்கலாம். தயாரிப்பாளர்கள் யாராவது படித்தால் ஆசிரியர் மூலம் எழுதுங்கள். சம்பளம் பேசிக்கொள்ளலாம்.