கல்லீரல் பெயர், வேறு பிறப்பிடம்

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின், நம் உடம்பிலேயே உருவாகிறதாமே? அப்புறம் எப்படி அழிகிறது?

பதில்: ஆமாம், முக்கியமாக மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களில். 'ஹெப்பார்' என்றால் கிரேக்கத்தில் கல்லீரல், முதலில் அங்கிருந்து பிரித்தெடுத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர், அவ்வளவுதான். செர்கிளைசின் என்ற புரதத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தின் மீது முதலில் சைலோஸ், பிறகு இரண்டு காலக்டோஸ், ஒரு குளுக்குரோனிக் அமிலம் என நான்கு சர்க்கரை அலகுகளால் அடித்தளம் போட்டு, செல்லுக்குள் இருக்கும் கோல்கி என்ற நுண்ணுறுப்பில் சர்க்கரைச் சங்கிலி நீள்கிறது; நீள நீளவே நொதிகள் அசிட்டைல் என்ற வேதித் தொகுதியைக் கழற்றிவிட்டு சல்ஃபேட்டை மாட்டுகின்றன. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைப் பிடிக்கும் வித்தையோ ஐந்தே சர்க்கரைகள் கொண்ட சின்னத் துண்டில்! சரி, அழிவு? ஹெப்பரனேஸ் நொதி சங்கிலியைத் துண்டு போடும். மிச்சத்தை, செல்லுக்குள் கழிவைச் சிதைக்கும் பையான லைசோசோமின் நொதிகள் நுனியிலிருந்து ஒவ்வொன்றாக, வரிசை தவறாமல் கழற்றும். அவற்றில் சில பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால், ஹெப்பாரினின் நெருங்கிய உறவான ஹெப்பரான் சல்ஃபேட் தேங்கி, குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் சான்ஃபிலிப்போ நோய் வருகிறது.